‘போய் மாத்திக்கலாம்’ என்கிற பேச்சு

ராமநாதபுரம் கரையில் கீழக்கரையோ பெரியபட்டினமோ தேவிபட்டினமோ தொண்டியோ, விசாப் பேச்சு எடுத்தால் இந்த வாசகம் வராமல் இருக்காது: “கிடைச்ச விசாவுல ஏறு தம்பி, சர்டிபிகேட்டை அங்க காட்டி மாத்திக்கலாம்.” பத்தாங்கிளாஸோடு சபர் (வெளிநாட்டுப் பயணம்) போன காலத்தில் அது நல்ல புத்திமதிதான். பி.இ.யோ பி.எஸ்சி. நர்ஸிங்கோ முடித்த பிள்ளைக்கு இன்றைக்கு அதைச் சொல்வது கெடுதல் என்பதுதான் என் கட்சி.

சவூதியை எடுத்துக்கொள்வோம். லேபர் விசாவில் போனால் இக்காமாவில், அதாவது அங்கே தங்குவதற்கான அட்டையில், தொழில் ‘ஆமில்’ (தொழிலாளி) என்று விழும். சைட்டில் மூன்று வருஷம் இன்ஜினியர் வேலை பார்த்து, கம்பெனியும் ‘சைட் இன்ஜினியர்’ என்று கடிதம் கொடுக்கிறது என்றே வையுங்கள். அடுத்த கம்பெனியில் அந்தக் கடிதத்தையும் இக்காமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று முரண். அனுபவம் தண்ணியில் போனது. இக்காமாவில் இன்ஜினியர் என்று வர, சவூதி இன்ஜினியர்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்குப் பட்டம் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரிஜினலோ ஊரில் பீரோவுக்குள் கிடக்கும். ஊரில் இருக்கும் அவன் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் ராம்நாட்டுக்கும் அலைவான்.

இன்னொரு குழப்பம்: “அட்டெஸ்டேஷன் முடிச்சாச்சு, இனி கவலையில்லை” என்பது. அட்டெஸ்டேஷன் வேறு, சான்றிதழ் கொடுத்த இடத்திடமே கேட்டுச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் வேறு, அங்கீகாரம் வேறு. பட்டத்தின் பின்பக்கம் விழும் முத்திரை, அதற்கு முந்தைய கையெழுத்து நிஜம் என்று மட்டும்தான் சொல்கிறது. மாநில அரசின் கையெழுத்துக்கு வெளியுறவு அமைச்சகம் சாட்சி, அமைச்சகத்துக்குத் தூதரகம் சாட்சி. உங்கள் படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்குச் சமமா, அதை வைத்து அங்கே தொழில் செய்யலாமா என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வது அந்த நாட்டுக் கவுன்சிலோ அமைச்சகமோதான்.

முத்திரை வேலை எந்த நாட்டுக்கு எப்படி? ஓமன் 2012-லும், பஹ்ரைன் 2013-லும், சவூதி 2022 டிசம்பரிலும், சிங்கப்பூர் 2021-லும் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. ஒரு நாடு ஒட்டும் அப்போஸ்டிலை, தூதரக முத்திரை கேட்காமல் மற்ற உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது. ஆகவே இந்த நாடுகளுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர், அவ்வளவுதான். சவூதிக்கு இன்னமும் ‘எம்பசி ஸ்டாம்பிங்’ என்று தனியாக பில் போட்டால் எதற்கு என்று கேளுங்கள். அமீரகம், கத்தார், குவைத் மூன்றுக்கும் பழைய வழிதான்: மாநிலம், அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம், அங்கே போய் இறங்கியதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டிலுக்கு நம் அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய், சாதா அட்டெஸ்டேஷனுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் போவதெல்லாம் சேவை மையத்துக்கும் கூரியருக்கும் ஏஜெண்டுக்கும். மாநில அரசு வழியை விட்டுவிட்டு டெல்லி எஸ்.டி.எம். (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) கையெழுத்தில் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பார்கள். வேகம் உண்மைதான், ஆனால் எல்லா இடத்திலும் அதை ஏற்கமாட்டார்கள். சேரப்போகும் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

லேமினேஷன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றுக்கும் கரையானுக்கும் பயந்து, பட்டம் கைக்கு வந்த அன்றே லேமினேட் பண்ணிவிடும் பழக்கம் நம் கரையில் வீட்டுக்கு வீடு உண்டு. பிளாஸ்டிக் மேல் சீல் நிற்காது, ஸ்டிக்கர் ஒட்டினாலும் செல்லாது. சூடு காட்டிப் பிரிக்கப்போனால் தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும், முதலில் போவது பல்கலைக்கழக முத்திரையாகத்தான் இருக்கும். பிறகு டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறக்கிற பிளாஸ்டிக் உறை போதும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் இரண்டு போடுங்கள்.

ஆனால் அதிகம் பேரைக் கவிழ்ப்பது பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்கு சர்நேம். மார்க் ஷீட்டில் ‘எம். செய்யது இப்ராஹிம்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த ‘எம்’ விரிந்து வாப்பா பெயராக சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். விரிக்காமல் விட்டாலும் வம்பு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அமீரகம் 2022 நவம்பரில் சொன்னது, பிறகு கொஞ்சம் தளர்த்தியது. முகமதுவுக்கு ஆங்கிலத்தில் ‘ஓ’வா ‘யூ’வா, நடுவில் ஒரு ‘எம்’மா இரண்டா, முடிவில் ‘ஏ’வா ‘ஈ’யா? பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் அந்தோணிக்கு ‘ஹெச்’ உண்டா இல்லையா? பத்தாம் வகுப்பில் வாத்தியார் ஒரு விதமாக எழுதியது, பட்டத்தில் இன்னொரு விதம், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதம். சரிபார்க்கிறவருக்கு இது மூன்று ஆள்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தை அப்படியே பின்பற்றுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால், பட்டத்தைத் திருத்துவதைவிடப் பாஸ்போர்ட்டைத் திருத்துவது எளிது, அதுவும் விசா அடிக்கும் முன்னால். இனிஷியல் விரிந்தது மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எழுதி, அதையும் பட்டத்தோடு சேர்த்தே அட்டெஸ்ட் பண்ணுங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்டே ஆக வேண்டும். பிறந்த தேதிக்கும் இதே கவனம் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் பெயர்ச் சிக்கல் உண்டு. அண்ணா பல்கலை 2007-ல் பிரிக்கப்பட்டு 2012-ல் மறுபடி ஒன்றானது. இடையில் முடித்தவர்களின் பட்டத்தில் இப்போது இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஆன்லைன் படிவத்தில் பட்டத்தில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும். சென்னையோடு இணைந்ததைக் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் விசாரணை மெயில் யாரும் திறக்காத முகவரிக்குப் போகும்.

நர்ஸிங் முடித்த பெண்களுக்கு: வளைகுடாவில் துபாய், சவூதி, கத்தார் எங்கே போனாலும் லைசென்ஸுக்கு முன்னால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்பு வரும். படிப்பு, நர்ஸிங் கவுன்சில் பதிவு, அனுபவம் மூன்றையும், கொடுத்த இடத்திடமே நேராகக் கேட்பார்கள். நீங்கள் எத்தனை சீல் வாங்கி வைத்திருந்தாலும் இங்கே பலிக்காது. காலேஜும் கவுன்சிலும் தாமதமாகவாவது பதில் சொல்லிவிடும். தடுக்குவது அனுபவக் கடிதத்தில்தான். சின்ன நர்ஸிங் ஹோம், ஜிமெயில் முகவரி, கடிதத்தில் கையெழுத்துப் போட்ட டாக்டர் வெளிநாட்டில், ஹெச்.ஆர். என்று ஒருவர் கிடையாது. பதில் வராவிட்டால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று அறிக்கை வரும். அது பொய்ச் சான்றிதழ் என்ற தீர்ப்பு இல்லை, ஆனால் லைசென்ஸும் நகராது.

அதனால் வேலையை விடும் அன்றே கடிதத்தைப் படித்துப் பாருங்கள். சேர்ந்த நாள், விட்ட நாள் இரண்டும் தேதியோடு, பதவி, எந்த வார்டு, முழுநேரமா, படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவர் பெயரும் பதவியும், ஆஸ்பத்திரியின் சொந்த மெயில், லேண்ட்லைன். ‘சுமார் இரண்டு வருடங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கவுன்சில் பதிவுக்கு முந்தைய மாதங்களை அனுபவத்தில் சேர்த்தால் அவர்களே கண்டுபிடிப்பார்கள். உங்கள் மேல் புகார் இல்லை என்று கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றுக்கு ஆயுசு குறைவு, அதை முதலில் வாங்கி வைத்துவிட்டு மற்றதற்கு அலையாதீர்கள். ஏஜெண்ட் ‘ஒரு வருஷம் கூட்டிப் போட்டுத் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போலி என்று ஒரு முறை அறிக்கை வந்தால், அடுத்த நாட்டு விண்ணப்பத்திலும் அது தலைகாட்டும்.

குவைத் போகும் இன்ஜினியர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: உங்கள் பிரிவுக்கு, நீங்கள் படித்த வருஷங்களில், என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா? 2018-ல் குவைத் இன்ஜினியர்ஸ் சங்கத்தின் தடையில்லாச் சான்றுக்கு இதைக் கட்டாயமாக்கியபோது, பத்துப் பதினைந்து வருஷம் அங்கே வேலை பார்த்தவர்களே திணறினார்கள். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் ‘ஏ’ கிரேடு முழுக் கல்லூரிக்கு, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, மூன்று அல்லது ஆறு வருஷத்துக்கு. சிவிலுக்கு இருந்து மெக்கானிக்கலுக்கு இல்லாமல் போகலாம். காலேஜில் சேர்க்கும்போது பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கும் பெற்றோர் இதையும் கேட்டால் என்ன?

சிங்கப்பூருக்கு தொழில் திறன் டெஸ்ட் அடித்து ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அங்கே எண்ணப்படுவது அந்த டெஸ்ட்தான். பட்டதாரி வேலைகளுக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்றால் கதை வேறு, அதற்குப் பாயிண்ட் கணக்கு உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து, பட்டத்துக்குப் பாயிண்ட் கேட்டால் அதைச் சரிபார்த்த ஆதாரத்தைக் கம்பெனியே கொடுக்க வேண்டும். அஞ்சல் வழிப் பட்டத்தை ரெகுலர் என்று பயோடேட்டாவில் எழுதியது அங்கேதான் வெளியே வரும்.

கடைசியாக, ஒரிஜினலை ஏஜெண்டிடம் கொடுப்பது பற்றி. ‘சர்டிபிகேட் 3’ என்று எழுதிய துண்டுச் சீட்டு ரசீது ஆகாது. ஒவ்வொன்றின் வரிசை எண், கொடுத்த தேதி, திருப்பித் தரும் தேதி மூன்றும் அதில் இருக்கட்டும். கொடுக்கும் முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் எடுங்கள். திரும்பி வந்ததும் அப்போஸ்டில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.