பிந்தி வந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கிறோம்?

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். முதலாம் பாடம் பாதி போயிருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கமிருந்து வரும் பொடியன் ஒருவன் வகுப்பு வாசலில் வந்து நின்றான். "இதுதான் பள்ளிக்கூடம் வாற நேரமா?" என்று கேட்டு, மணியடிக்கும்வரை வெளியே நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை.

இடைவேளையில்தான் கவனித்தேன். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு சொப்பிங் பேக். உள்ளே இருந்த கொப்பிகளில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவனோ தலையிலிருந்து சப்பாத்துவரை ஊறிப்போயிருந்தான். குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிவரும் மிதவைப் படகு, அன்று மழைக்கும் காற்றுக்கும் பிந்தித்தான் ஓடியதாம். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்ட விதத்தில் எப்படிச் சொல்வான்?

பாதுகாப்பான வகுப்பறை பற்றிச் செயலமர்வுகளில் நிறையக் கேட்டாயிற்று. என்னைப் பொறுத்தவரை, பிந்தி வந்த பிள்ளைக்கும் பிழையாக விடை சொன்ன பிள்ளைக்கும் ஆசிரியர் சொல்லும் முதல் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு எனக்கும் இதுதானா என்று மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரம்பைப் பற்றி இனியும் வாதாட ஒன்றுமில்லை. இலங்கைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபமே உடல் தண்டனையைத் தடுத்துவிட்டது. ஆசிரியர் அறைந்ததில் மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்செடுங்க ரீச்சர்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள். அந்த அனுமதி எனக்கு வேண்டாம்.

பிரம்பை வைத்துவிட்டு வாயால் அடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளையிடம் சொல்கிறார்கள். அவனுடைய அப்பா மாடு வளர்த்துத்தான் அவனைப் படிப்பிக்கிறார். அந்த ஒரு வசனத்தில் பிள்ளைக்கும் அடி, தகப்பனுக்கும் அடி. வெல்லாவெளிப் பக்கம் யானை வந்த இரவில் வீட்டில் ஒருவரும் கண் மூடுவதில்லை. மறுநாள் மேசையில் தலைவைத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாமே. அம்மா வெளிநாட்டில், அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைக்கும் அப்படித்தான். யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகப் பிள்ளை வாய்திறந்தால், அதைப் பாடசாலைக்குள்ளேயே அமுக்கக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

பாடத்திட்டம் ஓடுகிறது, நேரமில்லை என்பார்கள். எனக்கும் அதே பாடத்திட்டம்தான். "என்ன மனே, பாதை பிந்திட்டா? சாப்பிட்டியா?" என்று கேட்க அரை நிமிடம் போதும்.

அந்தப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த பிள்ளைகளுக்கு முன்னால்தான் கேட்டேன். "பரவாயில்ல ரீச்சர்" என்றான். ஆனால் என் பாடத்தில் அவன் திரும்பக் கை உயர்த்த அடுத்த தவணையும் பாதி போய்விட்டது.