அடுக்குமாடி முழுக்க ஒரே ஒரு வைஃபையாம்!

30 வீடு இருக்கிற கட்டடம் இது. சுற்றி எத்தனை வைஃபை என்று கேட்டால் என் லினக்ஸ் லேப்டாப் சொல்கிறது: ஒன்று. அதுவும் என் ரவுட்டர்தானாம். அடப்பாவி!

சாயங்காலம் ஆனால் நெட் நொண்டுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது அலைவரிசைத் தடங்கள், 1, 6, 11 என்று மூன்றுதான். எதில் நெரிசல் குறைவு என்று பார்க்கப் பைத்தானில் 20 வரி எழுதினேன். சுற்றியுள்ள வைஃபைகளைப் பட்டியல் போடும் 'ஐடபிள்யூலிஸ்ட்' என்ற பழைய கட்டளையை ஓடவிட்டு, வருவதை எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் இருந்தது 11. மற்ற இரண்டும் காலி என்றது. நம்பி 6-க்கு மாறினேன். நொண்டிய நெட் படுத்தேவிட்டது.

இதில் பெரிய கொடுமை, சில நேரம் 14 வைஃபை காட்டும். அடுத்த நிமிடமே மறுபடி ஒன்று. என் லூப்பில்தான் கோளாறு என்று ராத்திரி 2 மணிவரை அதையே நோண்டினேன். கடைசியில் பார்த்தால், திரை மூலையில் இருக்கும் வைஃபை குறியை நான் கிளிக் செய்தால் மட்டும் 14 வருகிறது! ஸ்கேன் செய்தது என் புரோகிராமே இல்லை. லினக்ஸில் நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் செய்த ஸ்கேனின் மிச்சத்தை இது வழித்துத் தின்றிருக்கிறது. அரை நிமிடம் போனால் லினக்ஸின் மையமான கெர்னல் பழைய பதிவுகளைக் கழித்துவிடும்; மிஞ்சுவது இணைப்பில் இருக்கும் ரவுட்டர் மட்டும்.

சாதாரண யூசருக்கு ஸ்கேனைத் தொடங்க உரிமை கிடையாது. சரி, நியாயம்தான். ஸ்கேன் என்றால் ரேடியோ சேனல் சேனலாகத் தாவும், ஓடுகிற இணைப்பு தடுமாறும். கண்டவன் கையிலும் கொடுக்க முடியாது. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? இதே வேலைக்கான புதிய கட்டளை 'ஐடபிள்யூ' யோக்கியன். அனுமதி இல்லை, பிழை -1 என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். இந்தக் கிழட்டு ஐடபிள்யூலிஸ்ட் மட்டும் வாங்கிய அடியை விழுங்கிவிட்டு, நேற்றைய சோற்றைச் சுடச்சுட வடித்ததுபோல் இலையில் போடுகிறது!

நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு ஓட்டினேன். உடனே -16, டிவைஸ் பிஸி. அதே நொடியில் நெட்வொர்க்மேனேஜரும் ஸ்கேன் செய்கிறதாம். கதவைத் திறந்தும் உள்ளே போக முடியவில்லை.

இப்போது என் புரோகிராம் சொந்தமாக ஸ்கேன் செய்வதே இல்லை. 'என்எம்சிஎல்ஐ' என்ற கட்டளை வழியாக நெட்வொர்க்மேனேஜரிடமே ரீஸ்கேன் கேட்டு வாங்குகிறது. 14 வைஃபையும் ஒழுங்காக வருகின்றன. அதில் 9 பேர் 6-ஆம் சேனலில். ரெண்டு நாளாக நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.