சம்பளம் வாங்கினாலும் ராயல்டி உரிமை போகாது

"சினிமாப் பாட்டுக்கு ஒருமுறை சம்பளம் வாங்கிவிட்டால், பிறகு அது யூடியூபில் ஓடினாலும் பாடலாசிரியருக்கு ராயல்டி (பாட்டைப் பயன்படுத்துவதற்கான பங்குத் தொகை) கிடையாது" என்று பலர் பகிர்கிறார்கள். இந்தியச் சட்டப்படி அது சரியல்ல. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர, பாட்டு வேறு எந்த வடிவில் பயன்பட்டாலும் பாட்டின் பதிப்புரிமையை வாங்கியவரோடு சமபங்கு ராயல்டி பெறும் உரிமை எழுதியவருக்கு உண்டு. இசையமைப்பாளருக்கும் அப்படியே. முக்கியமாக, அந்த ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். இளம் பாடலாசிரியர்கள் இதைத் தெரியாமல் விட்டுவிடக் கூடாது. சந்தேகமிருந்தால் 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திறந்து, பிரிவு 18(1)-இன் கடைசி இரண்டு நிபந்தனைப் பத்திகளைப் படித்துப் பாருங்கள்.