எடெல்கார்ட் பக்கம் நின்று சண்டை போட்டவன் சொல்கிறேன்

'ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ்' விளையாட நினைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதையை முழுசாக உடைக்கப் போகிறேன். 2019 ஜூலையில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த கேம் இது. இத்தனை வருஷம் கழித்து ஸ்பாய்லர் என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

இரண்டு வாரமாக அக்கா மகனோடு வாக்குவாதம். கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறான். என்னுடைய பழைய ஸ்விட்சை எடுத்துக்கொண்டு போனவன், போன ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டான்: "மாமா, எடெல்கார்ட் பண்ணது நூத்துக்கு நூறு கரெக்ட். அவளப் போயி வில்லின்னு சொல்றீங்க!"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கேம் தெரியாதவர்களுக்காக: ஃபோட்லான் என்று ஒரு கண்டம். அதில் ஒரு பேரரசு, ஒரு ராஜ்ஜியம், பிரபுக்களின் கூட்டமைப்பு ஒன்று. மூன்றுக்கும் நடுவில் கேரக் மாக் மடம். சேரோஸ் திருச்சபையின் தலைமையகமும் அதுதான், மூன்று நாட்டு வாரிசுகளும் படிக்கிற ராணுவப் பள்ளியும் அதற்குள்தான். நாம் அங்கே வாத்தியார். மூன்று வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். நான் பேரரசின் இளவரசி எடெல்கார்ட் இருக்கிற வகுப்பை எடுத்தேன். அவள் முடி வெள்ளையாக, பார்க்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது.

அந்த முடி ஏன் வெள்ளையானது என்று பாதி ஆட்டத்தில் அவளே சொல்வாள். ஃபோட்லானில் சிலருக்கு ரத்தத்திலேயே 'க்ரெஸ்ட்' என்று ஒரு முத்திரை இருக்கும். அது இருந்தால் பதவி, சொத்து, திருமணச் சந்தையில் விலை எல்லாம் உண்டு. இல்லாவிட்டால் மூத்த மகனாகப் பிறந்தும் பயனில்லை. எடெல்கார்டுடன் கூடப் பிறந்தவர்கள் பத்துப் பேர். இரண்டு க்ரெஸ்ட் உள்ள ஒரு பேரரசரை உருவாக்குவதற்காக எல்லாரையும் நிலவறையில் அடைத்து, ரத்தத்தை மாற்றிச் சோதனை செய்தார்கள். மிஞ்சியது இவள் ஒருத்தி. அப்பா பேரரசர்தான். ஆனால் பிரபுக்கள் சேர்ந்து அவர் அதிகாரத்தைப் பிடுங்கியிருந்ததால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை அவளுக்கு எலி என்றால் பயம். அந்த நிலவறையின் மிச்சம் அது.

பிறப்பை வைத்து மனிதனுக்கு விலை போடுவது என்றால் என்ன என்று நம் ஊர் ஆட்களுக்கு யாரும் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டாம். அதனால்தானோ என்னவோ, அவள் கதை எனக்குள் சட்டென்று இறங்கிவிட்டது.

அதற்கு முன்பே ஒரு மிஷனில் மிக்லான் என்பவனைக் கொல்லச் சொல்வார்கள். என் மாணவன் இல்லை, பக்கத்து வகுப்பு சில்வேனின் அண்ணன். க்ரெஸ்ட் இல்லை என்று வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன், குடும்பத்தின் புனித ஈட்டியைத் திருடிக்கொண்டு கொள்ளைக்காரனாகிவிட்டான். க்ரெஸ்ட் இல்லாதவன் அந்த ஈட்டியைப் பிடித்ததால் அது அவனையே விழுங்கி மிருகமாக்கிவிடுகிறது. சண்டை முடிந்ததும் ஆர்ச்பிஷப் ரியா என்ன சொல்கிறாள் தெரியுமா? இதை வெளியே சொல்லக் கூடாது என்கிறாள். அந்த ஆயுதங்களெல்லாம் தெய்வம் தந்தவை என்று ஆயிரம் வருஷமாகச் சபை சொல்லிவருகிறது. உண்மையில் அவை ரியாவின் சொந்த இனத்தைக் கொன்று குவித்து, அவர்கள் எலும்பில் செய்தவை. கொலைகாரர்களின் வாரிசுகளைப் புனிதர்களாக்கி அதன் மேல் ஒரு சமூகத்தையே கட்டியவள் ரியா. அவள் பக்கமும் ஒரு ஆறாத துக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் பொய் பொய்தான்.

ஆக, எடெல்கார்ட் கேட்பது இதுதான்: க்ரெஸ்ட் பார்க்கிற முறை ஒழிய வேண்டும், பிரபுப் பட்டம் பரம்பரையாக வரக் கூடாது, திறமை உள்ளவன் மேலே வரட்டும், சபையின் பிடி தளர வேண்டும். இதில் எது தப்பு? ஒன்றுமில்லை. மருமகனிடமும் இதைத்தான் சொன்னேன். லட்சியத்தைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை.

"அப்புறம் என்ன?" என்றான்.

அப்புறம்தான் ரெமிரே கிராமம் வருகிறது. சின்ன ஊர். ஒரு நாள் ஊர்க்காரர்களுக்கு வெறி பிடித்து, பக்கத்து வீட்டுக்காரனை வெட்டுகிறார்கள், வீட்டைக் கொளுத்துகிறார்கள். ஒரு கூட்டம் செய்த சோதனை அது, எடெல்கார்டின் கூடப்பிறந்தவர்களை நிலவறையில் கொன்ற அதே கூட்டம். அந்த ஊருக்கு முகமூடி போட்ட 'ஃப்ளேம் எம்பரர்' வந்து, எனக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். முகமூடிக்குள் இருப்பது எடெல்கார்ட் என்று பிறகு, மடத்தின் புனிதக் கல்லறையில்தான் தெரியும். அங்கேயே அவளைக் கொல்லச் சொல்வாள் ரியா, முடிவு நம் கையில்.

அவள் சொன்னதை நான் நம்புகிறேன். தெரிந்திருந்தால் தடுத்திருப்பாள். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்தாள்? அந்தக் கூட்டத்தோடு வைத்திருந்த கூட்டை முறிக்கவில்லை. சபையைக் கவிழ்க்க அவர்கள் படை வேண்டும், அவர்கள் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறாள். அவளுடைய பாதையில் போனால் கடைசிவரை அவர்களோடு நேரடி யுத்தமே கிடையாது. ஆட்டம் முடிந்த பிறகு, எழுத்தில் ஓரிரு வரியில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கூடப்பிறந்தவர்களைக் கொன்றவனுக்கு ஓரிரு வரி, சபைக்கு ஐந்து வருஷ யுத்தம்!

அரியன்ராட் என்ற கோட்டை நகரத்தைப் பிடித்த பிறகு நடப்பது இன்னும் மோசம். அந்தக் கூட்டத்து ஆள் ஒருத்தியை இவள் தீர்த்துக்கட்டியதற்குப் பழிவாங்க, வானத்திலிருந்து ஒளி ஈட்டிகளை இறக்கி அவர்கள் நகரத்தையே அழிக்கிறார்கள். அதைத் தன் ஆட்களிடம் சொல்லும்போது எடெல்கார்ட், செய்தது திருச்சபை என்று சொல்கிறாள். ஆயிரம் வருஷப் பொய்யை உடைக்கக் கிளம்பியவள், யுத்தம் முடிவதற்குள்ளேயே தன்னுடைய முதல் பொய்யைச் சொல்லியாகிவிட்டது. முதல் முறை விளையாடியபோது இதை நான் கவனிக்கவே இல்லை. அடுத்த சண்டைக்கு யாருக்கு எந்தக் கோடரி கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் விடவில்லை. "சரி மாமா, வேற என்ன பண்ணிருக்கணும்? மனு போட்டிருக்கணுமா?"

நல்ல கேள்விதான். பொறுமையாக இரு, மெல்ல மாறும் என்று சொல்கிறவர்கள் யார் என்று பார்த்தால், மாறாவிட்டாலும் எதுவும் இழக்காதவர்களாகத்தான் இருப்பார்கள். அவளுக்கு ஆயுளும் குறைவு, உடம்பைத்தான் கெடுத்துவிட்டார்களே. சொந்த மாமன் என்று கூட இருப்பவனே அந்தக் கூட்டத்தின் தலைவன், வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறந்தால் உயிர் போகும். இதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தை யோசித்துப் பாருங்கள். பேரரசின் வாரிசு, ராஜ்ஜியத்தின் வாரிசு டிமிட்ரி, கூட்டமைப்பின் வாரிசு கிளாட் மூன்று பேரும் ஒரே வருஷம், ஒரே கூரைக்குக் கீழே சாப்பிடுகிறார்கள். நாளைக்கு ஃபோட்லானை ஆளப்போகிற எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில். கிளாடுக்கு நாடுகளுக்கு நடுவே இருக்கிற சுவர்களையே உடைக்க ஆசை, சபை எதை மறைக்கிறது என்று அவனும் நூலகத்தில் துருவிக்கொண்டிருக்கிறான். டிமிட்ரி சின்ன வயதில் இவளுக்குக் குறுவாள் பரிசு கொடுத்தவன். அதே பள்ளியில் ஹானெமன் என்று ஒரு கிழட்டு ஆசிரியர். க்ரெஸ்ட் உள்ள பிள்ளை வேண்டும் என்று அவர் தங்கையைக் கட்டிக்கொண்டவர்கள் அவளைச் சாகடித்துவிட்டார்கள். பிரபுப் பட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, க்ரெஸ்ட் இல்லாதவனுக்கும் அந்தச் சக்தி கிடைக்க வழி தேடி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார் மனுஷன். ஒரே காயம் பட்டவர்கள் இத்தனை பேர். எடெல்கார்ட் அவர்களில் யாரிடமாவது யுத்தத்துக்கு முன் திட்டத்தைச் சொல்லி, கூட வருகிறாயா என்று கேட்டாளா? கதையின் முதல் காட்சியில் மூன்று வாரிசுகள் மீதும் பாய்கிற கொள்ளையர்களை ஏவியதே அவள்தான்.

கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்களா? தெரியாது. டிமிட்ரி ஒப்புக்கொண்டிருக்க மாட்டான் என்றே தோன்றுகிறது. என் குறை அது இல்லை. யாருக்கும் புரியாது என்று யாரையும் கேட்காமலேயே அவள் முடிவு செய்துவிட்டாள், அந்த முடிவுக்கான விலையை மட்டும் எல்லாரிடமும் வசூலித்தாள்.

அந்த விலையைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வகுப்பை எடுத்து விளையாட வேண்டும். இரண்டாம் முறை டிமிட்ரியின் வகுப்பை எடுத்தேன். பள்ளிக்கால மாதிரிப் போர் க்ராண்டர் மைதானத்தில் நடக்கும். தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே மைதானம், அதே மூன்று அணி, நடுவில் அதே மேடு. இந்த முறை நிஜ யுத்தம். மேட்டின் உச்சியில் பெரிய வில்பொறியோடு நிற்பது பெர்னடெட்டா, அறையை விட்டு வெளியே வரவே பயப்படுகிற பெண். முதல் ஆட்டத்தில் அவளைக் கதவு தட்டித் தட்டி வெளியே கூட்டிவந்தவன் நான். மேட்டைப் பிடித்தேன். எடெல்கார்ட் மேட்டுக்கே தீ வைத்தாள். என் ஆட்களும் அவள் வைத்திருந்த இடமும் சேர்ந்து எரிந்தன. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாதையின் கடைசியில் டிமிட்ரியும் அவளும் வெட்டவெளியில் சந்தித்துப் பேசுவார்கள். இன்று யுத்தத்தில் சாகிறவர்களைவிட இந்த முறை தொடர்ந்தால் காலம் முழுக்கச் சாகப்போகிறவர்கள் அதிகம் என்பது அவள் வாதம். எல்லாரும் உன்னைப் போல் பலசாலிகள் இல்லை, உன் லட்சியத்தை அவர்கள் தலையில் ஏற்றாதே என்பது அவன் வாதம். கடைசியில் அவன் அந்தப் பழைய குறுவாளைத் திருப்பிக் கொடுக்கிறான். பேச்சு அவ்வளவுதான். ஐந்து வருஷ யுத்தம் முடியும் தருணத்தில் நடக்கிற முதல் பேச்சு. இதே பேச்சைச் சாப்பாட்டுக் கூடத்தில் பேசியிருந்தால் என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவள் பாதையில் ஃபெர்டினாண்ட் என்ற பிரபு வீட்டுப் பையன், அவளோடு எப்போதும் போட்டி போடுகிறவன், ஒரு யோசனை சொல்வான்: திறமைக்கு மதிப்பு என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது, எல்லாருக்கும் படிப்பு கொடுக்காவிட்டால் போட்டியே நியாயமாக இருக்காது என்று. எடெல்கார்டுக்கு அது புதிதாகப் படுகிறது. உலகத்தையே மாற்றக் கிளம்பியவள் திட்டத்தில் பள்ளிக்கூடம் விட்டுப்போயிருந்தது. ஒருவனோடு உட்கார்ந்து பேசியதும் கிடைத்துவிட்டது.

இவ்வளவையும் மருமகனிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா அனுப்பிய முறுக்கைத் தின்றுகொண்டே கேட்டான்.

"அப்போ புனிதக் கல்லறைல அவள வெட்டணுமா காப்பாத்தணுமான்னு கேக்குமே, அங்க நீங்க என்ன மாமா போட்டீங்க?"

"காப்பாத்தணும்."

"எவ்ளோ நேரம் யோசிச்சீங்க?"

ரெண்டு செகண்ட் இருக்கும் என்றேன்.