மனவலிமைப் பட்டறை வேண்டாம், வார்டுக்கு ஆள் வேண்டும்

நர்சிங் மாணவர்களின் மனநலம் பற்றி ஒரு கட்டு ஆய்வுகள் வருகின்றன. முதியோர் பராமரிப்பின் தரம் பற்றி இன்னொரு கட்டு. இதை எழுதுபவர்கள் அதைப் படிப்பதில்லை, அதை எழுதுபவர்கள் இதைப் படிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்சிங் மாணவர்களை வார்டு பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. எனக்கு என்னவோ ஒரே ஆய்வை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது.

ஒரு காலைச் சாப்பாட்டை மட்டும் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லம். மறதி நோய் முற்றிய ஒரு ஆயாவுக்கு மீலி மீல் (மக்காச்சோள மாவு) கஞ்சி ஊட்ட வேண்டும். முதல் கரண்டியை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வார். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டுத் திணித்தால் புரையேறும், கஞ்சி நுரையீரலுக்குள் போகும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஒரு கிண்ணத்துக்கு அரை மணி நேரம் சர்வசாதாரணமாக ஆகிவிடும். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஜூலுப் பெண் ஒருத்தி "கோகோ, கோகோ" (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டுகிறாள். ஆயா "போதும் கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மொழி தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிகிறது, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல்கிறாள். அருமையான கை அவளுக்கு. ஆனால் அதே வரிசையில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். தட்டுகளை எடுக்கக் கிச்சனிலிருந்து வண்டி வந்துவிடுகிறது. கடைசி இரண்டு பேருக்கு நாலு கரண்டிதான். சார்ட்டில் ஆறு பேருக்கும் 'சாப்பிட்டார்' என்று டிக் விழுகிறது.

இப்போது ஆய்வாளர் வருகிறார் என்று வையுங்கள். பராமரிப்புத் தரத்தை அளப்பவர் சார்ட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார். இல்லவாசிகளிடம் திருப்திக் கேள்வித்தாள் கொடுப்பார்; மறதி நோய் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள், 'பதில் நம்பகமாக இருக்காது' என்பார்கள். அதாவது யாருக்குப் பராமரிப்பு அதிகம் வேண்டுமோ அவர் கணக்கிலேயே இல்லை. அப்புறம் மனநலம் அளப்பவர் வந்து அந்த ஜூலுப் பெண்ணிடம் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளை நீட்டுவார். ஒன்பது கேள்வி, 27க்கு மதிப்பெண், பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்றெல்லாம் கேட்கும். காலையில் பொய்யாக ஒரு டிக் போட்டாயா என்று கேட்காது.

அந்த ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்று தோன்றுகிறதா என்பது. வகுப்பில் முப்பது பேரிடம் பெயர் இல்லாமல் தாளை வாங்கி, மூன்று மாதம் கழித்துக் கணினியில் ஏற்றினால், அதற்கு 'ஆம்' என்று போட்ட பிள்ளை யார் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு என்ன ஏற்பாடு என்று ஆய்வு அனுமதிக் குழுக்கள் கறாராகக் கேட்க வேண்டும். தாளைக் கொடுப்பவரே மதிப்பெண் போடும் ஆசிரியராக இருந்தால், வரும் பதிலின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம்.

இது புதுக்கதை இல்லை. 1960இலேயே இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையைப் பற்றி எழுதினார். மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது இதுதான்: நோயும் சாவும் தரும் பதற்றத்தைத் தாங்க முடியாமல், மருத்துவமனை வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி, நோயாளியைப் 'பத்தாம் படுக்கை ஈரல்' ஆக்கிவிடுகிறது. பதற்றம் அதனால் குறையவில்லை. வேலையில் கிடைக்கும் நிறைவுதான் போயிற்று. மாணவியின் மனமும் நோயாளியின் பராமரிப்பும் ஒரே கட்டுரையில் இருந்தன. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நாம் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய விடாமல் அமைப்பு கையைக் கட்டுவதை 'அறநெறித் துயரம்' என்று ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி, ஒரு முதியவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் என்று சந்தேகப்படும் எவரும் உடனே தெரிவித்தாக வேண்டும். எவரும் என்றால் பத்தொன்பது வயது மாணவியும்தான். ஆனால் அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே வார்டின் சிஸ்டர். வாயைத் திறந்தால் கையெழுத்து வராது, மூடினால் தூக்கம் வராது. இந்தப் பிள்ளைக்குக் கல்லூரி கொடுக்கும் மருந்து என்ன தெரியுமா? ஒரு சனிக்கிழமை, மனவலிமைப் பட்டறை. மூச்சுப் பயிற்சி, சமோசா, சான்றிதழ். மூச்சுப் பயிற்சி கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு பேருக்கு ஊட்ட ஒருத்தி என்ற கணக்கை எந்த மூச்சும் மாற்றாது.

ஆள் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஆதாரம் உண்டு. லிண்டா ஐகனும் அவர் குழுவும் 2014இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, ஐம்பது வயது தாண்டிய நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அது மருத்துவமனைக் கணக்கு, முதியோர் இல்லத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனால் ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டு மாணவியின் மன உறுதியை மட்டும் அளக்கும் ஆய்வை இனி நான் நம்பத் தயாரில்லை.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. லைஃப் எசிடிமெனி: அந்தப் பெயர் கொண்ட இல்லங்களில் இருந்த மனநல நோயாளிகளை அவசர அவசரமாக வேறு அமைப்புகளுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். அந்த அமைப்புகளுக்குக் கொடுத்த உரிமங்களே செல்லாதவை என்று 2017இல் சுகாதாரக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை சொன்னது.

இடையில் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. 'பெத்தவளை ஹோம்ல தள்ளிட்டான்' என்று கல்யாண வீட்டில் பேசுவதை நிறுத்துங்கள். டர்பனில் ஆரியன் பெனவலண்ட் ஹோம் 1921இலேயே தொடங்கியது; முதியோர் இல்லம் ஒன்றும் நேற்று வந்த நாகரிகம் இல்லை. யார் சேர்த்தார்கள் என்று பேசுகிற நேரத்தில், சேர்த்த இடத்தில் இரவில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கலாம்.

ஆய்வு செய்யப் போகிறவர்களிடம் நான் கேட்பது இது. டாம் கிட்வுட் குழுவினர் பிரிட்டனில் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது: வார்டில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மறதி நோயாளி என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறித்துக்கொண்டே வருவது. பேச முடியாதவரும் கணக்கில் வருவார். அதே வார்டில், அதே வாரத்தில், அங்கே பயிற்சியில் இருக்கும் மாணவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். கல்லூரி ஆசிரியர்கள் வேண்டாம், வெளியாள் பேசட்டும். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த வாரத்து டூட்டி ரோஸ்டரையும் சேர்த்து வெளியிடுங்கள். ஆள் குறைந்த நாளில் ஆயாவுக்கு எத்தனை கரண்டி போயிற்று, அந்தப் பிள்ளை அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று ஒரே பக்கத்தில் படித்துப் பார்க்க வேண்டும் எனக்கு.