ரெண்டே நிமிஷம்

"ரெண்டே நிமிஷம்ணா, வந்துட்டேன்." காலையிலிருந்து சவாரிக்கு புக் செய்த நான்கு பேர் இதையே சொல்லிவிட்டார்கள். ஆப்பில் சவாரி வந்ததும் சென்னை சோழிங்கநல்லூரில் மூன்று கிலோமீட்டர் ஆட்டோவைக் காலியாக ஓட்டினேன். வண்டிக்குப் போட்ட கேஸுக்கு யார் காசு தருவார்கள்? வாசலில் நின்றால் வாட்ச்மேன் விரட்டுகிறார், ரோட்டில் நின்றால் போலீஸ் ஃபைன். பதினோரு நிமிடம் காத்திருந்தேன்! போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்புறம் கேன்சல். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? 2013-இல் அரசு வைத்த மீட்டர் கட்டணத்தில்கூட காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய் இருந்தது. எனக்கு இன்று அதுவும் இல்லை. வண்டித் தவணை, பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் சுகர் மாத்திரை, எல்லாம் இந்த ஆட்டோவிலிருந்துதான் வர வேண்டும். நேற்று இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போனேன். பாப்பா தூங்கிவிட்டாள்.