காலுக்குக் கணக்கு இருக்கிறது, வேலைக்கு?

மேலூர் ரோட்டில் லாரி மோதி ஒருவருக்குக் கால் போய்விட்டது. வயது 38, மாதச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிடென்ட் கேஸில் கணக்கு ஓரளவு தெளிவு. ஆண்டுச் சம்பளத்தை அந்த வயதுக்குரிய 15-ஆல் பெருக்கினால் 32,40,000. அதில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அத்தனை சதவீதம். வயதுவாரிப் பட்டியலை 2009-லேயே உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்துவிட்டது. மருத்துவச் சான்றில் 40 சதவீதம் என்றால் வருமான இழப்பும் 40தான் என்று இல்லை, ஆள் பார்த்த வேலையைப் பார்க்கவேண்டும் என்று 2010-ல் சொன்னது.

அதே ஆள் கட்டையூன்றி மில்லுக்குத் திரும்புகிறார். "உக்காந்து பாக்குற வேலை இங்க இல்லப்பா" என்று அனுப்பிவிடுகிறார்கள். இந்த இழப்புக்கு எந்தப் பட்டியல்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருக்கிறதே என்பீர்கள். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும், அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடமே உருவாக்கவேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. அருமையான பிரிவு. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. தனியார் மில்லுக்கு, பாகுபாடு காட்டாதே என்ற பொது விதியும், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வை என்ற கட்டளையும்தான். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மில் முதலாளி தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கவே அதைவிட அதிகம் செலவழிப்பார்.

எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன் இப்படி வெளியே வந்தவர். வாசலில் பெட்டிக்கடை போட்டார். வக்கீலிடம் போனால் முதல் கேள்வியே, "இப்ப எதுவும் சம்பாதிக்கிறீங்களா?" நீக்கியது தவறு, இடைப்பட்ட காலத்துச் சம்பளப் பாக்கி வேண்டும் என்று கேட்டால், வேறு வேலை இல்லை, அல்லது குறைந்த சம்பளத்தில் இருக்கிறேன் என்று தொழிலாளி முதலில் சொல்லவேண்டும், மறுப்பதென்றால் நிர்வாகம்தான் நிரூபிக்கவேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, கடை வருமானத்தைக் கழிக்கட்டும். "அதான் பிழைச்சுக்கிட்டாரே" என்று மொத்தத்தையும் வெட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தெலங்கானாவில் நிறக்குருடு என்று அரசு பஸ் டிரைவர் ஒருவரை 2014 ஜனவரியில் வெளியேற்றினார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாற்று வேலை, இடைப்பட்ட காலத்துக்குப் பணித் தொடர்ச்சி, எல்லாம் சரி. சம்பளப் பாக்கியில் மட்டும் 25 சதவீதம்! பதினோரு வருடம் காத்திருந்து ஜெயித்தவருக்கே கால் பங்குதான்.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் ஊனப் பாகுபாட்டு நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. போன சம்பளம், இனி வரவேண்டியது, ஓய்வூதிய இழப்பு, மன வேதனை என்று தனித்தனியாகக் கேட்கலாம். வேறு வேலை தேடினாயா என்று அங்கேயும் கேட்பார்கள், தேடாவிட்டால் குறைப்பார்கள். ஆனால் இனி வரவேண்டிய சம்பளமும் அங்கே கணக்கில் உண்டு. நம்மூரில் அந்தப் பேச்சே ஆக்சிடென்ட் கேஸோடு நின்றுவிடுகிறது.

மதுரை வக்கீல் நண்பர்களே, அந்த வயதுவாரிப் பட்டியலை ஒரு வேலைநீக்க வழக்கில் வைத்து வாதாடிப் பாருங்களேன். நிற்காது என்றால், ஏன் நிற்காது என்றாவது எனக்குச் சொல்லுங்கள்.